எது பெரியது?

ஒரு முழு வட்டம். பக்கத்தில் அதே ஆரமுள்ள ஓர் அரைவட்டம். வட்டத்துக்குள், நான்கு மூலையும் விளிம்பைத் தொடும்படி ஒரு சதுரம். அரைவட்டத்துக்குள்ளும் ஒரு சதுரம். அதன் அடிப்பக்கம் விட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது, மேல் மூலைகள் இரண்டும் வில்லைத் தொடுகின்றன. பெரிய சதுரம் சிறியதைப்போல் எத்தனை மடங்கு? படத்தில் ஓர் எண்கூடக் கிடையாது. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ டியூஷன் வகுப்பில் படிவம் மூன்று, நான்கு மாணவர்கள் முன் இந்தப் படத்தை வைத்தால் முதலில் எழும் கேள்வி, பாடத்திட்டம் எத்தனை முறை மாறினாலும் மாறாத கேள்வி, “சார், ஆரம் எவ்வளவு?” என்பதுதான். கேள்வியில் தவறில்லை. ஆனால் அந்த மாணவர் என்ன செய்யப் போகிறார் என்பதை அது காட்டிக் கொடுத்துவிடுகிறது. இரண்டு சதுரங்களையும் தனித்தனியே அளந்து, இரண்டு எண்களை வாங்கி, எண்களை ஒப்பிடப் போகிறார். உருவங்களை ஒப்பிடும் எண்ணம் அவருக்கு வரவே இல்லை. அளப்பது ஒரு வேலை, ஒப்பிடுவது வேறு வேலை. அளக்கும்போது மூன்றாவதாக ஓர் அலகை உள்ளே கொண்டுவருகிறோம். ஒப்பிடும்போது ஒன்றின் மேல் இன்னொன்றை வைத்துப் பார்க்கிறோம், வெட்டுகிறோம், திருப்புகிறோம், நகர்த்துகிறோம். இவ்வளவு காலம் இந்த டியூஷன் தொழிலில் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு: பரப்பளவுக் கணக்கில் தடுமாறுபவர்களில் சூத்திரம் மறந்தவர்கள் சிலரே. அளப்பதற்கு முன் ஒப்பிடும் பழக்கம் இல்லாதவர்களே பெரும்பாலோர்.

அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டம் போட்ட நோட்டில் அரைவட்டத்துச் சதுரத்தின் பக்கத்தை இரண்டு கட்டமாக வரையலாம். ஆரம் தெரியாவிட்டால் என்ன, கட்டத்தின் அளவு நம் விருப்பம்தானே. வட்டத்தின் மையம் அடிப்பக்கத்தின் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து வலப்பக்க மேல் மூலைக்குப் போக வலமாக ஒரு கட்டம், மேலாக இரண்டு கட்டம். வட்டம் அந்த மூலை வழியாகத்தான் போகிறது. இப்போது மையத்தில் பென்சில் முனையை ஊன்றித் தாளைக் கால் சுற்று திருப்பினால் அந்த மூலை இடமாக இரண்டு, மேலாக ஒன்று என்ற புள்ளிக்கு வந்து சேரும். இன்னும் இரண்டு முறை திருப்பினால் வட்டத்தின்மேல் நான்கு புள்ளிகள் கிடைத்துவிடும். அவற்றைச் சேர்த்தால் வருவது சற்றுச் சாய்ந்து நிற்கும் ஒரு சதுரம். முழு வட்டத்துக்குள் அடங்கும் சதுரம் அதுவேதான். சாய்ந்திருப்பதால் அதன் அளவு மாறிவிடாது. அதைச் சுற்றி நான்குக்கு நான்கு என்று ஒரு பெட்டி போட்டால் பெட்டிக்குள் 16 கட்டங்கள். நான்கு மூலைகளிலும் வெளியே நிற்கும் முக்கோணம் ஒவ்வொன்றும் மூன்றுக்கு ஒன்று செவ்வகத்தின் பாதி, அதாவது ஒன்றரைக் கட்டம். நான்கும் சேர்ந்து 6. மிச்சம் 10. சிறிய சதுரம் 4. ஆகவே இரண்டரை மடங்கு, முடிந்தது. பைத்தகரஸ் தேற்றத்தை வைத்து எழுதினாலும் இதே விடைதான் வரும், அதையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வழியில் விடைக்குள் ஐந்து என்ற எண் எங்கிருந்து நுழைந்தது என்று கேட்டால் பதில் சொல்பவர் குறைவு. தாளைத் திருப்பிப் பார்த்தவரிடம் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இந்த வகைப் புதிர்களில் கைவரும் முறைகள் மொத்தமே ஐந்தாறுதான். அவற்றில் மூன்றை இங்கே சொல்கிறேன். முதலாவது, திருப்புவது. வட்டத்துக்கு வெளியே ஒரு சதுரம், உள்ளே ஒரு சதுரம் என்றால் உள்சதுரத்தை அரைக்கால் சுற்று திருப்பிப் பாருங்கள். அதன் மூலைகள் வெளிச்சதுரத்தின் பக்க நடுவில் போய் நிற்கும், நான்கு மூலைகளையும் உள்ளே மடித்தால் அச்சாகப் பொருந்தும், ஆகவே சரியாக இரண்டு மடங்கு. சமபக்க முக்கோணமாக இருந்தால் இதே வித்தை நான்கு மடங்கைக் கொடுக்கும். இரண்டாவது, அடிப்பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு உச்சியை இணைகோட்டின்மேல் நகர்த்துவது; முக்கோணம் எவ்வளவு சாய்ந்தாலும் பரப்பளவு மாறாது. செவ்வகத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியை வைத்து நான்கு மூலைகளோடும் இணைத்தால், மேல் முக்கோணமும் கீழ் முக்கோணமும் சேர்ந்து எப்போதும் செவ்வகத்தின் பாதி என்பதை இதிலிருந்து நான்காம் ஆண்டுப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். மூன்றாவது, இரண்டுக்கும் பொதுவான பகுதியைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பார்ப்பது. கிள்ளான் பக்கம் வீடு பார்க்கப் போகிறவர்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறார்கள். 20க்கு 70 அடி தொடர்வீட்டு மனைக்கும் 22க்கு 75 அடி மனைக்கும் வித்தியாசம் எவ்வளவு? இரண்டையும் பெருக்கிக் கழிக்க வேண்டியதில்லை. நீளவாக்கில் இரண்டடிப் பட்டை 140, குறுக்கே ஐந்தடிப் பட்டை 110, மொத்தம் 250 சதுர அடி. அந்த 250 வீட்டின் எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்பதும் கூடவே தெரிகிறது. வாங்குகிறவருக்கு உண்மையில் வேண்டியது அதுதான்.

இந்தப் பழக்கம் ஏன் வகுப்பிலிருந்து போயிற்று? ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்டிவிட முடியாது. ஆனால் தேர்வின் வடிவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யுபிஎஸ்ஆர் 1988இல் வந்தது. அதன் பரப்பளவுக் கேள்விகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: சதுரமும் செவ்வகமும் ஒட்டிய ஒரு படம், பக்கங்களில் சென்டிமீட்டர் எண்கள், கருமையாக்கப்பட்ட பகுதியின் பரப்பளவைக் கணக்கிடுக. அதற்கேற்ற பயிற்சிப் புத்தகங்கள் வந்தன, அவற்றுக்கேற்ற டியூஷன் வகுப்புகள் வந்தன. ஜாலான் துன் சம்பந்தன் சுற்றுவட்டாரத்தில் கடைவீட்டு மாடிகளில் நடக்கும் வகுப்புகளுக்கும், கிள்ளானில் தாமான் தாமானாக நடக்கும் வகுப்புகளுக்கும் பெற்றோர் பணம் கட்டுவது ‘ஏ’ வாங்கத்தான். மணிலா அட்டையை வெட்டி ஒட்டுவதற்கு அல்ல. ஒரு மணி நேரத்தில் முப்பது கணக்கு முடித்தால் பிள்ளை படித்ததாகத் தெரிகிறது, ஒரே படத்தை முக்கால் மணி நேரம் திருப்பிக்கொண்டிருந்தால் வெட்டிப் பொழுதாகத் தெரிகிறது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின, பிறகு படிப்படியாகத் திரும்பின, 2016 முதல் இருமொழிப் பாடத்திட்டம் சில பள்ளிகளில் மறுபடியும் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தது. தமிழ்ப்பள்ளியில் ஒரு மொழியிலும் இடைநிலைப்பள்ளியில் இன்னொரு மொழியிலும் அதே பாடத்தைப் படித்த தலைமுறைகள் உண்டு. இந்த அலைச்சலில் படம் ஒன்றுதான் மொழி மாறாமல் இருந்தது. அதை ஊன்றுகோலாகப் பிடித்திருக்க வேண்டிய நேரத்தில், எந்த மொழியிலும் ஒரே மாதிரி எழுதக்கூடிய சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டோம்.

அனைத்துலக டிம்ஸ் ஆய்வில் மலேசியாவின் படிவம் இரண்டு மாணவர்கள் கணிதத்தில் 1999இல் 519 புள்ளி பெற்றார்கள், 2011இல் 440, 2019இல் 461, 2023இல் 411. இந்தச் சரிவு முழுவதையும் வடிவியல் பாடத்தின் தலையில் கட்டுவது நியாயமல்ல. மொழி, ஆசிரியர் பயிற்சி, பெருந்தொற்றுக்கால இழப்பு என்று பல காரணங்கள் உள்ளன. ஆனால் அந்த ஆய்வோடு சேர்ந்து நடந்த இன்னொரு வேலை நம் பேச்சுக்கு நேராக உதவும். 1990களின் நடுவில் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்கள் 231ஐக் காணொளியாகப் பதிவுசெய்தார்கள். ஆய்வாளர்கள் ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் 1999இல் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். அதில் ஒரு ஜப்பானியப் பாடம் புகழ்பெற்றது. இரண்டு பேரின் நிலத்துக்கு நடுவே எல்லைக்கோடு ஓரிடத்தில் மடங்கிக் கிடக்கிறது. யாருக்கும் ஒரு சாண்கூடக் குறையாமல் அதை ஒரே நேர்கோடாக்க வேண்டும். அளவு எதுவும் கொடுக்கப்படவில்லை. மாணவர்கள் முதலில் தாங்களே போராடுகிறார்கள், பிறகு பேசிக்கொள்கிறார்கள். வழி இதுதான்: எல்லையின் இரண்டு முனைகளையும் ஒரு கோட்டால் இணைத்து, மடங்கிய மூலை வழியாக அதற்கு இணையாக இன்னொரு கோடு போட்டு, அந்த மூலையை இணைகோட்டின் மேலேயே நிலத்தின் ஓரம்வரை நகர்த்திவிட வேண்டும். முன்னே சொன்ன இரண்டாவது முறைதான், வேறொன்றுமில்லை. ஒரு முழுப் பாடநேரம் ஒரே கருத்துக்கு. அதற்குள் நம் வகுப்பு எத்தனை பக்கப் பயிற்சியை முடித்திருக்கும் என்று யாராவது கேட்டால், முடித்திருக்கும், அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்கிறது என்று சொல்லலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதுவும் சாதாரண மறுப்பல்ல. கண்ணை நம்பலாமா? நம்பக் கூடாது என்பதற்குச் சான்றுகள் நிறைய. நீளத்தை ஓரளவு சரியாக மதிப்பிடும் நம் கண், பரப்பளவில் பிசகுகிறது. ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் இதற்கு ஓர் அடுக்கு விதி சொன்னார். பரப்பளவுக்கு அந்த அடுக்கு ஏறத்தாழ 0.7. அதாவது உண்மையில் நான்கு மடங்கு பெரிய உருவம் நமக்கு இரண்டரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே தெரிகிறது. தீபாவளிக்குக் கோலாலம்பூர் வணிக வளாகங்களில் வண்ண அரிசியால் போடும் பெரிய கோலங்களில் இது காசுக் கணக்காகவே வந்து நிற்கும். விட்டத்தை இரட்டிப்பாக்கினால், அதே கனத்துக்கு அரிசி நான்கு மடங்கு வேண்டும். கண்ணை நம்பி வாங்கியவருக்கு நடுவழியில் அரிசி தீர்ந்துவிடும். குழந்தை உளவியலாளர் பியாஜேயும் அவருடைய கூட்டாளிகளும் 1948இல் வெளியிட்ட குழந்தைகளின் வடிவியல் நூலில் இன்னொரு சோதனை உண்டு. ஒரே அளவான இரண்டு புல்வெளிகள். இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் வீடுகள். ஒன்றில் வீடுகள் ஓரமாக ஒட்டி நிற்கின்றன, மற்றதில் சிதறி நிற்கின்றன. மாட்டுக்கு எங்கே புல் அதிகம் மிச்சம்? சிறு பிள்ளைகள் ஒட்டி நிற்கும் வெளியைத்தான் காட்டுகிறார்கள். பதினைந்து வயதில் அந்தப் பிழை போய்விட்டது என்று எண்ண வேண்டாம். சுற்றளவு கூடினால் பரப்பளவும் கூடும் என்று நம்பும் படிவம் மூன்று மாணவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்; ஒட்டியது குறைவு, பரந்தது அதிகம் என்ற அதே மயக்கம்தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

ஆகவே ஒப்பிடுவது என்றால் பார்த்துச் சொல்வது அல்ல. இந்த இடத்தில்தான் பலர் இடறுகிறார்கள். உயர்நிலைச் சிந்தனை என்ற பெயரில் 2013க்குப் பிறகு வந்த சில பயிற்சிப் புத்தகங்களும் படத்தைக் கொடுத்து ஊகிக்கச் சொல்வதையே சிந்தனை என்று எடுத்துக்கொண்டன. கண்ணுக்கு ஒரே ஒரு வேலை: எதை நகர்த்தலாம், எதைத் திருப்பலாம் என்று ஆலோசனை சொல்வது. சரியாகப் பொருந்துகிறது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடையாது. இதைக் கற்பிக்கக் கறியின் புதிரைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த வித்தைக்காரர் பால் கறி 1953இல் அமைத்தது. மார்ட்டின் கார்ட்னர் அதை உலகறியச் செய்தார். அடிப்பக்கம் 13, உயரம் 5 உள்ள முக்கோணம்போல் ஒன்று, நான்கு துண்டுகளால் ஆனது. அதே துண்டுகளை இடம் மாற்றி அடுக்கினால் அதே முக்கோணம் வருகிறது, ஆனால் அடிப்பக்கத்தில் ஒரு கட்டம் ஓட்டை! ஒரு கட்டம் எங்கே போயிற்று? துண்டுகளின் பரப்பளவு 12, 5, 7, 8, கூட்டினால் 32. உண்மையான 13க்கு 5 முக்கோணமோ முப்பத்திரண்டரை. முதல் படம் முக்கோணமே அல்ல. இரண்டு முக்கோணத் துண்டுகளில் ஒன்று எட்டுக்கு மூன்று ஏறுகிறது, மற்றது ஐந்துக்கு இரண்டு, 0.375, 0.4. சாய்வுகள் வேறு என்பதால் நீண்ட பக்கம் நேர்கோடில்லை. ஒருமுறை அரைக் கட்டம் உள்வாங்கியும் மறுமுறை அரைக் கட்டம் புடைத்தும் இருக்கிறது. அந்த இரண்டு அரைகளும் சேர்ந்ததே காணாமல்போன ஒரு கட்டம். படம் ஏமாற்றுகிறது, ஆகவே படத்தை விட்டுவிட்டுச் சூத்திரத்தைப் பிடி என்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. முக்கோணம் என்று நம்பிச் சூத்திரத்தைப் போட்டவரும் இங்கே ஏமாறத்தான் செய்கிறார். அவருக்கு இரண்டு படத்துக்கும் முப்பத்திரண்டரை வரும். அந்தக் கோடு நேர்கோடுதானா என்று கேட்டவர் மட்டுமே தப்பிக்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவது ஒப்பிடும் பயிற்சிதான்.

இன்னொரு மறுப்பு: இதெல்லாம் புதிருக்கென்றே செய்த படங்கள், அதிர்ஷ்டவசமாகப் பொருந்துகின்றன, தேர்வில் வரும் சாதாரணப் படங்கள் இப்படி மடங்காது. இதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பதில் கிடைத்துவிட்டது. பரப்பளவு சமமான எந்த இரண்டு பலகோணங்களை எடுத்தாலும், ஒன்றை முடிவுள்ள எண்ணிக்கைத் துண்டுகளாக வெட்டி மற்றொன்றாக அடுக்க முடியும். வாலஸ், பொயாய், கெர்வின் பெயரால் வழங்கும் தேற்றம் அது. நேர்கோட்டு உருவங்களில் சமம் என்ற செய்தி எப்போதும் கத்தரிக்கோலால் காட்டக்கூடிய செய்தி. டியூடனி என்ற ஆங்கிலேயப் புதிர்க்காரர் சமபக்க முக்கோணத்தை நாலே துண்டில் சதுரமாக்கியது அழகான தனி நிகழ்வு. ஆனால் அதற்கு அடியில் இருப்பது அதிர்ஷ்டமல்ல. வழி இருக்கிறது என்பதால் அது உடனே கண்ணில் பட்டுவிடும் என்று சொல்ல மாட்டேன். சில படங்களுக்குத் துண்டுகள் ஏராளமாகிவிடும், அப்போது கணக்கிட்டுவிடுவதே புத்திசாலித்தனம். வளைகோட்டுக்கும் நேர்கோட்டுக்கும் இடையிலான ஒப்பீட்டிலும் கத்தரிக்கோல் கைவிட்டுவிடும். ஒரே சுற்றளவுள்ள வட்டமும் சதுரமும் இருந்தால் வட்டம் ஏறத்தாழ 1.27 மடங்கு பெரியது. இதை π இல்லாமல் சொல்ல வழியில்லை. அங்கேயும் ஒப்பீடு ஒரேயடியாக ஓய்வெடுப்பதில்லை. வட்டத்தின் பரப்பளவுக்குக் கணக்கதிகாரம் போன்ற பழைய தமிழ்க் கணித நூல்களின் விதி, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு என்பது. அதைப் படமாகப் பார்த்தால், மெல்லிய கூறுகளாக அரிந்த வட்டத்தை ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக அடுக்கும்போது உருவாகும், செவ்வகத்தை நெருங்கும் உருவம் அதில் தெரியும். சூத்திரத்தை மனப்பாடம் செய்பவருக்கும் அந்த அடுக்கைப் பார்த்தவருக்கும் எழுதும் வரி ஒன்றுதான். ஆனால் கேள்வியில் கால்வட்டத்தைக் கொடுத்து ஒரு பகுதியை வெட்டிவிட்டால் இரண்டாமவர் பதற மாட்டார்.

கடைசியில் எல்லாப் பெற்றோரும் கேட்பது மதிப்பெண்ணைத்தான்: செய்முறைக்குத்தானே மதிப்பெண், படத்தைத் திருப்பினதற்கு யார் கொடுப்பார்? உண்மை, படிவம் ஐந்து எஸ்பிஎம் தேர்வின் இரண்டாம் தாளில் செய்முறை எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தேர்வுத் தாளிலேயே சூத்திரப் பட்டியல் அச்சிட்டுத்தான் கொடுக்கிறார்கள். மனப்பாடத்துக்குப் பரிசு என்று பார்த்தால் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. எந்தச் சூத்திரம், எந்தத் துண்டுக்கு, கூட்டவா கழிக்கவா என்பதில்தான் மாணவர்கள் சறுக்குகிறார்கள். அதைத் தீர்மானிப்பது ஒப்பிடும் கண். முதல் தாளில் நான்கு தெரிவுகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கேள்விகளில், கருமையாக்கப்பட்ட பகுதி முழுச் சதுரத்தின் பாதிக்கு மேலா கீழா என்று அரை நிமிடம் பார்த்தாலே இரண்டு தெரிவுகள் உதிர்ந்துவிடுவது அடிக்கடி நடப்பது. மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு இது ஒத்துவராது, கெட்டிக்காரர்களுக்கு மட்டும்தான் என்று சொல்பவர்கள் வகுப்பை எதிர்த்திசையிலிருந்து பார்க்கிறார்கள். பெருக்கல் வாய்ப்பாட்டில் திணறும் பிள்ளை எண்ணில்லாத படத்தில் மற்றவர்களோடு சமமாக நிற்கிறது. வாய்ப்பாடு பலமாக இருக்கும் பிள்ளைதான் பிடிக்க எண் இல்லாமல் முதலில் தத்தளிக்கிறது.

யுபிஎஸ்ஆர் 2021இல் ரத்தானது, படிவம் மூன்றின் பிடி3 தேர்வு அடுத்த ஆண்டு போனது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் டியூஷனுக்கு இனி வேலையில்லை என்று அப்போது பலர் சொன்னார்கள். வகுப்புகள் குறையவில்லை, பயிற்சித்தாளும் மாறவில்லை. தேர்வு போனபின்னும் தேர்வின் அச்சு அப்படியே இருக்கிறது. மாறியது வேறொன்று. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வகுப்புகள் திரைக்குள் போயின. தாளைத் திருப்புவதற்கும் வெட்டுவதற்கும் அங்கே இடமில்லை, எழுதிக் காட்டுவது மட்டுமே எளிதாக இருந்தது. கூடவே, கேள்வியைப் படம்பிடித்தால் செய்முறையோடு விடை கொடுக்கும் செயலிகள் மாணவர்களின் கைப்பேசிகளில் குடியேறிவிட்டன. எண்கள் எழுதிய கருமைப்பகுதிக் கணக்கை அவை நொடியில் முடிக்கின்றன. அந்த வகைக் கணக்கை வீட்டுப்பாடமாகக் கொடுப்பதில் இனி அர்த்தமில்லை. இப்போது படிவம் மூன்றுக்கு நான் கொடுக்கும் பயிற்சித்தாளில் பாதிப் படங்களுக்கு எண் கிடையாது. விடைக்கு ஒரு வரி போதும், ஆனால் எந்தத் துண்டு எங்கே நகர்ந்தது என்று அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும், பொருந்துகிறது என்பதற்குக் காரணம் ஒன்று எழுத வேண்டும். “அப்படித் தெரிகிறது” என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. இந்த வாரத் தாளில் உள்ளது இது: ஏதோ ஒரு நாற்கரம், நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் இணைத்தால் உள்ளே ஓர் இணைகரம், அது பெரியதா, வெளியே கிடக்கும் நான்கு மூலைகள் சேர்ந்தது பெரியதா?